இரவு பத்து மணிக்குக் கப்பல் தூங்கிவிடுமா?

நங்கூரம்:
போன வாரம் பயணப்பித்தன் இங்கே எழுதிய ஒரு வரி முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. புதிதாகத் திருமணமான ஒரு பெண், கூட்டமும் கூச்சலும் இல்லாத கப்பல் பயணம் எது என்று கேட்டிருந்தாள். அவளுக்கு அவர் சொன்ன பதில் இது: "வைக்கிங் பக்கம் போகாதீர்கள். அது மிதக்கும் முதியோர் இல்லம். இரவு பத்து மணிக்குக் கப்பலே தூங்கிவிடும்." அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை.

எனக்கு வயது 29, கணவருக்கு 31. நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவள். அவர் நாள் முழுவதும் தொலைபேசியில் பிறர் புகாரைக் கேட்டுச் சம்பாதிப்பவர். கடந்த பிப்ரவரியில் லண்டனை அடுத்த டில்பரித் துறைமுகத்தில் வைக்கிங் நிறுவனத்தின் கப்பல் ஏறி, நார்வேயின் வடகோடிவரை போய், பெர்கனில் இறங்கினோம். மொத்தம் 930 பயணிகளுக்கான கப்பல். 18 வயது நிறையாத யாரையும் ஏற்றுவதில்லை, சூதாட்டக்கூடம் கிடையாது, எல்லா அறைக்கும் பால்கனி உண்டு. நீராவிக் குளியலும், உள்ளேயே பனி தூவும் ஒரு சிறிய அறையும் கட்டணத்திலேயே அடங்கிவிடுகின்றன. மூன்றாம் நாள் என் கணவர் காலையிலிருந்து மாலைவரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமணமான நான்கு ஆண்டுகளில் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் கண்டதில்லை.

பத்து மணிக்குத் தூங்கியதா என்றால், இல்லை. இரண்டாம் தளத்தில் டோர்ஸ்ஹாவன் என்று ஒரு இசைக்கூடம் இருக்கிறது. நள்ளிரவு தாண்டியும் அங்கே இருந்திருக்கிறோம்.

பயணப்பித்தன்:
தங்கையே, நான் 14 கப்பல் பயணம் போனவன். நீங்கள் போனது ஒன்று. அந்தக் கப்பலில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள் என்பதை மறுக்கிறீர்களா? உங்கள் மேசையில் உட்கார்ந்தவர்களின் வயதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பெரியவர்களுக்கு மட்டுமான கப்பல்தான் வேண்டும் என்றால் இளையவர்களுக்கு வர்ஜின் வாயேஜஸ் நிறுவனம் இருக்கிறது. அங்கும் 18 வயது விதிதான். அவர்களுடைய ஸ்கார்லெட் லேடி கப்பல் 2021இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. ஏறத்தாழ 2,770 பேர். ஒரு நாள் இரவு எல்லாரும் சிவப்பு உடை உடுத்திக்கொண்டு நீச்சல் குளத்தைச் சுற்றி ஆடுவார்கள். அதுதான் இளமை. மற்றது பத்து மணிக்குத் தூங்கும் கப்பல். சொன்ன சொல்லில் மாற்றம் இல்லை.

நங்கூரம்:
முதலில், என்னைத் தங்கை என்று அழைக்க வேண்டாம். எனக்கு அண்ணன் இருக்கிறார். அவர் நான் பேசி முடிக்கும்வரை கேட்பார்.

அந்தப் பெண் கேட்டது அமைதி. நீங்கள் கொடுத்தது ஆட்டம். வர்ஜினில் குழந்தைகள் இல்லை என்பது உண்மை. ஆனால் 2,770 பேர் சிவப்பு உடுத்தி ஆடும் இடத்துக்கு யாராவது அமைதி தேடிப் போவார்களா? ஆட வேண்டியவர்கள் அங்கே போகட்டும், மகிழட்டும். தூக்கத்துக்கு ஏங்கும் ஒருத்தியை ஏன் அங்கே தள்ளுகிறீர்கள்?

எங்கள் மேசையில் இருந்தவர்களுக்கு வயது 68, 71, 74. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 74 வயது அம்மா 40 ஆண்டு செவிலியராக இருந்தவர். அவரிடம் பேசிய இரண்டு மணி நேரத்தில் என் வேலையைப் பற்றி நான் கற்றுக்கொண்டது அதிகம்.

பத்து மணிக் கதைக்கு வருகிறேன். வட நார்வேயின் ஆல்ட்டாவை விட்டுப் புறப்பட்ட இரவு 11.20க்கு வானில் துருவ ஒளி தெரிகிறது என்று அறிவித்தார்கள். மேல்தளம் நிரம்பிவிட்டது. கைத்தடியோடு வந்தவர்கள்கூட அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் நின்றார்கள். தூங்கிய கப்பலா அது?

பயணப்பித்தன்:
நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அறிவிப்புச் செய்து எழுப்ப வேண்டியிருந்தது. விழித்திருப்பவனை யாராவது எழுப்புவார்களா? ஆக, பத்து மணிக்குத் தூங்கிவிட்டார்கள், 11.20க்கு எழுப்பினார்கள். துருவ ஒளியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நங்கூரம்:
எங்களை யாரும் எழுப்பவில்லை. அறிவிப்பு வந்தபோது நாங்கள் டோர்ஸ்ஹாவனில் இருந்தோம். எங்களோடு ஏறக்குறைய 30 பேர் இருந்தார்கள். நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

உப்புக்காற்று:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எட்டு ஆண்டு பயணிகள் கப்பலில் அறைப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். நீங்கள் இருவரும் கப்பலின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். அமைதி அறையின் இடத்தில் இருக்கிறது. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே அறை எடுத்தால், விடியும் முன்பே தளத்தைக் கழுவி நாற்காலி இழுக்கும் சத்தம் உங்கள் தலைமேல்தான் கேட்கும். அரங்கத்துக்கு மேலேயோ கீழேயோ எடுக்காதீர்கள். முன்கோடியில் எடுத்தால், துறைமுகத்தில் கட்டும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகள் அதிகாலையில் படுக்கையை உலுக்கும். பக்கத்து அறைக்குக் கதவு வைத்த அறையும் வேண்டாம். அந்தக் கதவு வழியே இருமல்கூடக் கேட்கும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளத்தில், நடுப்பகுதியில் எடுங்கள். அலையில் கப்பல் ஆடுவதும் அங்கேதான் குறைவு.

பயணப்பித்தன்:
அறை எங்கே இருந்தால் என்ன, பத்து மணிக்கு மேல் வெளியே வந்தால் மனித முகம் இருக்காது என்பதுதான் என் பேச்சு.

இரண்டுபிள்ளைத்தாய்:
இதைப் படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. பிள்ளைகள் இல்லாததை ஒரு வசதி போலப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள், பனி அறைக்குப் பக்கத்திலேயே. என் பிள்ளைகளுக்கு ஆறு வயதும் ஒன்பது வயதும். சாப்பாட்டு அறையில் அவர்கள் உட்காரும் ஒழுக்கத்தை எத்தனையோ பெரியவர்களிடம் நான் பார்த்ததில்லை. எங்கள் பயணத்தில் இரவு இரண்டு மணிக்கு நடைபாதையில் பாடிக்கொண்டு போனது குழந்தை இல்லை, குடித்த ஆண்கள்.

நங்கூரம்:
அம்மா, உங்கள் பிள்ளைகளை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐகான் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பல்கள் குடும்பங்களுக்காகவே கட்டப்பட்டவை. 2024இல் வந்த அந்தக் கப்பல் முழுதும் நிறைந்தால் 7,600 பேர். நீர்ச்சறுக்கும் விளையாட்டும் அங்கே பிள்ளைகளுக்குக் காத்திருக்கின்றன. அவர்களுக்கு அத்தனை கப்பல்கள் இருக்கும்போது, எங்களுக்கு நான்கைந்து இருக்கக் கூடாதா?

இரண்டுபிள்ளைத்தாய்:
"எங்களுக்கு", "அவர்களுக்கு". நாளைக்கு உங்களுக்கும் பிள்ளை பிறக்கும். அன்றைக்கு வந்து எழுதுங்கள்.

நங்கூரம்:
பிறக்குமா, பிறக்க வேண்டுமா என்பது நானும் என் கணவரும் பேசிக்கொள்ள வேண்டியது. அதைப் பேசக்கூட நேரம் கிடைக்காமல்தான் அந்தப் பயணம் போனோம். இந்த விஷயத்தை இனி யாரும் தொட வேண்டாம்.

கணக்கர்:
எல்லாரும் விலையை மறந்துவிட்டீர்கள். சௌதாம்ப்டனிலிருந்து புறப்படும் பி அண்ட் ஓ நிறுவனத்தின் ஆர்க்கேடியா, அரோரா இரண்டும் பெரியவர்களுக்கு மட்டும். அரோரா 2000இல் வந்தது, 2019இலிருந்துதான் இந்த விதி. வைக்கிங் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். விதியே வேண்டாம் என்றால் செப்டம்பரில், இங்கிலாந்துப் பள்ளிகள் திறந்த பிறகு, எந்தக் கப்பலிலும் ஏறலாம். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், கட்டணமும் இறங்கியிருக்கும்.

நங்கூரம்:
வைக்கிங்கில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலாவும், மதிய, இரவு உணவோடு ஒயினும் பீரும் கட்டணத்தில் சேர்ந்தவை. அதையும் கூட்டிப் பாருங்கள் ஐயா. மற்றபடி அரோராவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. இந்தத் திரியில் பயனுள்ள தகவல் கொடுத்தது நீங்களும் உப்புக்காற்றும்தான். 14 பயணம் போனவர் இதுவரை ஒன்றும் கொடுக்கவில்லை.

பயணப்பித்தன்:
சென்ற ஆண்டு கடல்குமட்டல் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள். இஞ்சி மிட்டாய் போதும் என்று நான் சொன்னதற்கு எட்டுப் பதில் எழுதினீர்கள். நான் மறக்கவில்லை. மாற்றுக் கருத்து சொன்னால் உங்களுக்குப் பொறுக்காது.

அமைதிதான் வேண்டும் என்றால் சாகா கப்பலில் ஏறியிருக்கலாமே? பத்து மணி என்ன, ஒன்பது மணிக்கே தூங்கலாம்.

நங்கூரம்:
சாகாவில் 50 வயது நிறைந்தவர்களுக்குத்தான் இடம். துணைக்கு வருபவருக்கு 40 ஆக வேண்டும். நாங்கள் ஏறவே முடியாது. 14 பயணம் போன ஒருவருக்கு இது தெரியவில்லை. இதை நம்பி அந்தப் பெண் விசாரித்திருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

இஞ்சி மிட்டாயை நான் மறுக்கவில்லை. கர்ப்பிணிக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் சொல்லாதீர்கள் என்றுதான் எழுதினேன். எட்டு முறை எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் எட்டு முறையும் நீங்கள் படிக்கவில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். வைக்கிங் கப்பலில் நீங்கள் கால் வைத்ததுண்டா?

குமரிக்கரை:
வணக்கம். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் எது எளிது? சென்னையிலிருந்து இலங்கைக்குப் போன கோர்டேலியா கப்பலில் 2023இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை பார்த்தோம். மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் குடும்பங்கள் நிறைந்த கப்பல் அது. அடுத்ததாக நானும் மனைவியும் மட்டும் அமைதியாகப் போக விரும்புகிறோம்.

கணக்கர்:
ஐரோப்பியப் பயணம் என்றால், பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். நார்வேயும் அதில்தான் வருகிறது. கப்பல் இடையில் துருக்கிக்கோ இங்கிலாந்துக்கோ போய்த் திரும்பினால் ஒரு முறை நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசா கேளுங்கள். இங்கிலாந்தில் ஏறுவதானால் அதற்குத் தனி விசா. பயணத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகச் சரிபாருங்கள்.

பயணப்பித்தன்:
குமரிக்கரை தம்பி, எது வேண்டுமானாலும் எடுங்கள். பத்து மணிக்குத் தூங்கும் கப்பலை மட்டும் எடுக்காதீர்கள்.

நங்கூரம்:
கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. வைக்கிங் கப்பலில் ஏறியிருக்கிறீர்களா?

பயணப்பித்தன்:
என் மாமனாரும் மாமியாரும் போயிருக்கிறார்கள். மாமனார் சொன்னதைத்தான் எழுதினேன். அவர் பொய் சொல்பவர் இல்லை.

நங்கூரம்:
உங்கள் மாமனார் எத்தனை மணிக்குத் தூங்குவார்?

பயணப்பித்தன்:
என் வீட்டுப் பெரியவரை இங்கே இழுக்காதீர்கள். மரியாதை வேண்டும்.

நங்கூரம்:
இழுத்தது நான் இல்லை. அவரை நான் மதிக்கிறேன். அவர் ஒன்பதரைக்கு அறைக்குப் போயிருந்தால், அவர் கண்ட வரையில் கப்பல் தூங்கியிருக்கும். அது அவர் அனுபவம். அதை எடுத்து, 25 வயதுப் பெண்ணுக்குத் தீர்ப்பாக நீங்கள் சொன்னதுதான் தவறு. போகாத கப்பலைப் பற்றி, போனவர் போல எழுதினீர்கள். ஒரு வாரமாக என் கோபம் இதுதான்.

கப்பலில் இளையவர்கள் குறைவு. ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வயதில் மொத்தம் ஆறேழு பேரைப் பார்த்திருப்பேன். அதனால் என்ன? தம்பதிக்கு வேண்டிய துணை பக்கத்தில் இருக்கிறதே. கூட்டம் வேண்டும் என்று கப்பலுக்கு ஏன் போக வேண்டும், லண்டனிலேயே இருக்கிறது.

இரண்டுபிள்ளைத்தாய்:
கூட்டம் என்றால் குடும்பங்கள்தானே. சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறீர்கள்.

உப்புக்காற்று:
நான் எழுதியதை யாராவது படித்தீர்களா? டோர்ஸ்ஹாவன் இரண்டாம் தளம் என்கிறார் இந்தச் சகோதரி. அதற்கு நேர் மேலே எதுவும் எடுக்க வேண்டாம் என்பதாவது சொல்லலாம் இல்லையா?

நங்கூரம்:
நாங்கள் ஐந்தாம் தளம். ஒரு சத்தமும் வரவில்லை.

இதோ, டோர்ஸ்ஹாவனில் என் கணவர் எடுத்த படம். பின்னால் இசைக்கலைஞர்கள், முன்னால் நான். கைப்பேசி காட்டும் நேரம் இரவு 10.47. பத்து மணியை 47 நிமிடம் தாண்டிவிட்டது.

பயணப்பித்தன்:
எந்த ஊர் 10.47? நார்வே நேரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். லண்டனில் அப்போது 9.47. பத்து மணி ஆகவே இல்லை.

நங்கூரம்:
நார்வேக் கடலில் போகும் கப்பல் நார்வே நேரத்தில்தான் தூங்கும், நார்வே நேரத்தில்தான் விழிக்கும். டில்பரியில் ஏறியதும் கடிகாரத்தை மாற்றச் சொன்னார்கள். என் கைப்பேசி லண்டன் நேரத்தில் இருந்திருந்தாலோ, கப்பலில் அது 11.47. எப்படிக் கணக்குப் போட்டாலும் நீங்கள் சொன்ன பத்து மணி வராது.

கணக்கர்:
படத்தில் மேசைமேல் இருக்கும் ஒயின் கட்டணத்தில் சேர்ந்ததா? நீங்கள் சொன்னது உணவோடு மட்டும்தானே.

நங்கூரம்:
அது தனிக் கட்டணம். இரண்டு கோப்பைதான்.

கணக்கர்:
நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பயணப்பித்தன்:
ஒரு படத்தில் நீங்கள் ஒருவர் விழித்திருந்தால் கப்பல் விழித்திருந்தது ஆகிவிடாது. ஆடிய நான்கு பேர் எங்கே? 30 பேர் எங்கே? படத்தில் நான் எண்ணியது ஒன்பது தலை.

நங்கூரம்:
மற்றவர்கள் முகம் தெரியக் கூடாது என்று இடப்பக்கத்தை வெட்டினேன். முகங்களை மறைத்து முழுப் படத்தையும் நாளை போடுகிறேன். இன்று இரவுப் பணி.

பயணப்பித்தன்:
போடுங்கள். எண்ணிப் பார்க்கிறேன்.