இறம்பொடை இறக்கத்தில் கேட்ட டெஸ்ட் டிராக் கதை

நானுஓயாவில் வேன் ஓட்டுகிறேன். ஏற்றிய பயணிகளில் ஒரு அமெரிக்கப் பெரியவரை மறக்கவே முடியாது. நுவரெலியாவிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போது, நான் முடக்குக்கு முடக்கு இரண்டாம் கியரில் பிடித்து, பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறம்பொடையில் பிளேன்டீக்கு நிறுத்தியதும் பேச ஆரம்பித்தார். இளம் வயதில் புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில், காரைச் சோதித்துப் பார்ப்பதுபோல் ஓட்டிக் காட்டும் டெஸ்ட் டிராக் சவாரியில் ஆள் ஏற்றி இறக்கியவராம்.

ஜெனரல் மோட்டர்ஸ் கார்க் கம்பனியின் அனுசரணையில் ஓடும் சவாரி அது. அதே வட்டக் கட்டிடத்தில் 1982 முதல் 1996 வரை, போக்குவரத்தின் வரலாற்றைக் காட்டும் ‘வேர்ல்ட் ஆஃப் மோஷன்’ இருந்தது. அதைக் கழற்றிவிட்டு டெஸ்ட் டிராக்கைக் கட்டினார்கள். 1997இல் திறப்பதாகச் சொன்னது, டயர் தேய்மானத்தாலும் கம்ப்யூட்டர் சிக்கலாலும் இழுபட்டு, முறைப்படி திறந்தது 1999 மார்ச்சில். காருக்கு ஆறு பேர். கடைசியில் கட்டிடத்துக்கு வெளியே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும்.

எனக்கு அந்த வேகத்தைவிட, அவர் சொன்ன பிரேக் சோதனைதான் மனதில் நின்றது. முதலில் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இல்லாமல் பிரேக் போடுவார்கள். கார் வழுக்கிப்போய்க் கூம்புகளைச் சாய்க்கும். அப்புறம் ஏபிஎஸ்ஸோடு அதே வளைவு. கார் தடம் மாறாது. சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது என்பதைச் சவாரி போகிறவரின் உடம்புக்கே புரியவைத்திருக்கிறார்கள். எவ்வளவு நல்ல யோசனை!

2012 புதுப்பிப்பில் அந்தக் காட்சி போய்விட்டது. ஜெனரல் மோட்டர்ஸின் ஷெவர்லே கார்ப் பெயரில், நாமே திரையில் கார் வடிவமைத்து மதிப்பெண் பார்க்கும் சவாரியாக மாற்றினார்கள். 2024இல் மறுபடி மூடி, 2025 ஜூலை 22இல் மூன்றாம் வடிவத்தைத் திறந்தார்கள். பழைய வேர்ல்ட் ஆஃப் மோஷனை நினைவுபடுத்தும் அம்சங்களை அதில் சேர்த்தது நல்ல விஷயம். 2009இல் திவாலான பிறகும் ஜெனரல் மோட்டர்ஸ் சவாரியைக் கைவிடவில்லை, அதையும் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் எதை மாற்றினாலும் அந்தப் பிரேக் சோதனையை எடுத்திருக்கக் கூடாது. 2025 மே மாதம் இங்கே கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வழியில் தினமும் போகிறவன் நான். பிரேக்கும் இறக்கமும் எப்படி நடந்துகொள்ளும் என்று நேரில் காட்டும் எதுவும் எனக்குப் பெரிசு.

பழைய சவாரியின் வீடியோக்கள் யூடியூபில் கிடைக்கின்றன. டிரைவிங் பழகும் தம்பிமாருக்கு முதலில் அந்த ஏபிஎஸ் பகுதியைக் காட்டுங்கள், அப்புறம் இறக்கத்துக்குக் கூட்டிப் போங்கள்.