முதல் சிறுகதைத் தொகுப்பு: பணம் கேட்கும் பதிப்பகமும் ‘தார்சா’வும்

கேள்வி – முக்கூடல் வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளில் பதினொரு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். மூன்று கதைகள் சிற்றிதழ்களில் வெளியாகியுள்ளன. தொகுப்பாகக் கொண்டுவர ஒரு பதிப்பகத்தை அணுகியபோது, 40,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதிகள் அச்சிட்டு, அவற்றில் 50 பிரதிகளை எனக்குத் தருவதாகச் சொன்னார்கள். அத்துடன் வீட்டின் முன்பகுதியைக் குறிக்கும் ‘தார்சா’, கூடத்தைக் குறிக்கும் ‘பட்டாசல்’ போன்ற நெல்லை வட்டாரச் சொற்களை மற்ற மாவட்டத்தாருக்கும் புரியும்படி மாற்றித் தரக் கேட்கிறார்கள். பீடி சுற்றும் பெண்ணைப் பற்றிய முதல் கதையை இணைத்துள்ளேன். தொடக்கம் இழுக்கிறது என்று வாசித்த தோழியர் சொன்னார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில் – குறுக்குத்துறை

கதையை இரண்டு முறை வாசித்தேன். முதல் ஒன்றரைப் பக்கமும் தாமிரபரணியும் வயலும் நாரையுமாகப் போகிறது. அவள் கொண்டுவந்த கட்டைப் பிரித்து, சுற்று சரியில்லை என்று கடைக்காரர் நான்கைந்து பீடிகளை ஒடித்துப் போடுகிறாரே, கதை அங்கேதான் பிறக்கிறது. சிந்திய தூளை அவள் ஒற்றை விரலால் கூட்டி எடுப்பதை ஒரே வரியில் கடந்துவிட்டு, ‘அவள் உள்ளம் வேதனையில் துடித்தது’ என்று தொடங்கி மூன்று வரிகள் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றையும் அடித்துவிட்டு, அந்த விரலோடு இன்னும் சற்று நேரம் இருங்கள்.

சொற்களை மாற்ற வேண்டியதில்லை என்பதே என் கருத்து. தெருவாசலுக்கும் பட்டாசலுக்கும் நடுவே கிடக்கும் தார்சாவை ‘வராண்டா’ என்று எழுதினால் அது வேறு யாருடைய வீடாகவோ ஆகிவிடும். புதுமைப்பித்தன் 1930களிலேயே நெல்லைப் பேச்சைக் கதைக்குள் உலவவிட்டவர், இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று ஓர் அகராதியே தொகுத்தார். அடிக்குறிப்பும் தேவையில்லை. ஆச்சி தார்சாவில் கால் நீட்டி உட்கார்ந்து தெருவில் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கட்டும். அது எந்த இடம் என்று எந்த ஊர் வாசகருக்கும் விளங்கிவிடும். உங்களிடம் நான் காணும் குறை வேறு. கதை சொல்பவரின் நடை ஒரு பத்தியில் பேச்சுத் தமிழாகவும் அடுத்த பத்தியில் மேடைத் தமிழாகவும் மாறிக்கொண்டே இருக்கிறது. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், இடறும் இடங்கள் தாமாகத் தெரியும்.

பதில் – வண்ணார்பேட்டை

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில் என்பதால் பணக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 40,000 ரூபாயை 300ஆல் வகுத்தால் பிரதிக்கு 133 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. அதன் பிறகும் 250 பிரதிகள் அவர்களிடமே இருக்கும். அச்சுச் செலவு உங்களுடையது என்றால் பிரதிகளும் உங்களுடையவையாக இருக்க வேண்டாமா? புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரம் கணக்கில் அச்சாவதால், பக்க எண்ணிக்கையைச் சொல்லி இரண்டு அச்சகங்களில் விலை கேட்டுப் பாருங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அதை அரசு முகமை இலவசமாகவே வழங்குகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து ஏமாந்தவன் நான்; என் நாவல் எத்தனை விற்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு என்று கொள்ளப்படும். ‘நிரந்தரமாக’ என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

பதில் – பாளை மார்க்கெட்

முன்னவர்கள் சொல்லாத ஒன்று. பதினொரு கதைகளில் எவற்றை விலக்கலாம் என்று அந்தப் பதிப்பகம் ஏதேனும் சொன்னதா? எழுதியவரிடமே செலவை வாங்கிக்கொள்பவருக்கு ஒரு கதையைக் கூட நீக்கச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. தன் பணத்தைப் போடும் பதிப்பாசிரியர்தான் உங்களோடு மல்லுக்கட்டுவார். காத்திருக்க முடியுமென்றால் இன்னும் மூன்று, நான்கு கதைகளை இதழ்களுக்கு அனுப்புங்கள்.

முக்கூடல் வாசகி

மிக்க நன்றி. எதையும் விலக்கச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கடைக்காரர் பீடியை ஒடிக்கும் இடத்திலிருந்து தொடங்கி நேற்றிரவு எழுதிப் பார்த்தேன். ஒன்பது பக்கம் ஆறாகிவிட்டது. நாரைகளை நீக்கத்தான் மனம் வரவில்லை, ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். ஒப்பந்த நகல் கேட்டுப் பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.