ஆன்டிபயாடிக் ஊசி காதுக்குள்ள இருக்கற என்சைமை பாதிக்குமா?

கேள்வி:
அம்மாவுக்கு கிட்னி இன்ஃபெக்‌ஷன்னு பத்து நாள் அமிகாசின் ஊசி போட்டாங்க. காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா ஊசி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு காதுல ஙொய்ங்குதுன்னு சொல்றாங்க. நேத்து தெர்மாமீட்டர் பீப் அடிச்சு ஓய்ஞ்சுடுச்சு, அவங்க இன்னும் அடிக்கலையேன்னு வாயில வச்சுட்டே உக்காந்திருக்காங்க, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. மருந்து உள்காதுல ஏதோ என்சைமை கெடுக்கும்னு எங்கயோ படிச்சேன், நிஜமா?

பதில் 1:
நிஜம்தான் சகோ, ஆனா ஒரே ஒரு என்சைமோட முடியற விஷயம் இல்ல. அமிகாசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் அமினோகிளைகோசைடு குடும்பம். சத்தம் வந்தா, உள்காதுல சத்தத்தைப் பிடிக்கற முடிசெல்லோட நுனியில ஒரு வாசல் திறக்கும்ல, அது வழியாவே மருந்து உள்ள போயிடும், வெளிய வர ரொம்ப நாளாகும். உள்ள போய் இரும்போட சேர்ந்து, செல்லை அரிக்கற ஃப்ரீ ராடிக்கல் கிளப்பிவிடும். அதை அடக்கத்தான் செல்லுக்குள்ள கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ்னு என்சைம்கள் இருக்கு, அதுங்களால ஒரு அளவுக்கு மேல ஈடுகொடுக்க முடியாது. அப்புறம் கேஸ்பேஸ்னு இன்னொரு வகை என்சைம் முழிச்சுக்கும், அது செல்லையே கொன்னுடும். காக்லியாவோட (உள்காதுல நத்தை ஓடு மாதிரி இருக்கற சுருள்) அடிப்பக்க செல்கள்ல ஃப்ரீ ராடிக்கலை அடக்கற குளூட்டாதயோன் கம்மி, கீச்சு சத்தத்தைப் பிடிக்கறதும் அதுங்கதான், அதனால அதான் முதல்ல போகும். பேச்சு நல்லா கேக்கும், பீப் மட்டும் கேக்காது.

பதில் 2:
எனக்கு ஜென்டாமைசின் போட்டப்ப காது நல்லாவே இருந்துச்சு, பேலன்ஸ்தான் போச்சு. இருட்டுல சுவரைப் பிடிக்காம ரெண்டு அடி வைக்க முடியல. அம்மாவுக்கு தள்ளாட்டம் இருக்கான்னும் பாருங்க.

கேட்டவர்:
தள்ளாட்டம் இல்ல. ஃப்ரீ ராடிக்கலை அடக்கற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை குடுத்தா காது கேக்கறது திரும்பி வருமா?

பதில் 1:
செத்த முடிசெல் மனுஷங்களுக்கு திரும்ப முளைக்காது, பறவைக்கு முளைக்கும். அதனால மாத்திரையைத் தேடாம உடனே ஆடியோமெட்ரி (காது கேக்கற டெஸ்ட்) எடுங்க, 8000 ஹெர்ட்ஸுக்கு மேலயும் பாக்கச் சொல்லுங்க. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்டும் பாருங்க, கிட்னி சரியில்லன்னா மருந்து உடம்புலயே தங்கும். நீர் பிரிய ஃபுரோசமைடு குடுத்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, ரெண்டும் சேர்ந்தா காதுக்கு இன்னும் ஆபத்து.

இன்னொண்ணு. அம்மா வழி பாட்டி, மாமா, சித்தி யாருக்காவது இந்த மாதிரி ஊசிக்கு அப்புறம் காது போச்சான்னு கேளுங்க. மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு சக்தி குடுக்கற பகுதி) ஜீன்ல 1555ங்கற இடத்துல ஒரு மாற்றம் இருந்தா கொஞ்சம் மருந்தே போதும், காது போயிடும். அது அம்மாகிட்ட இருந்துதான் பிள்ளைங்களுக்கு வரும். அப்படி இருந்தா உங்களுக்கும் இருக்கும் சகோ, நாளைக்கு உங்களுக்கே இந்த ஊசி எழுதினா முன்னாடியே சொல்லிடுங்க.

கேட்டவர்:
மாமாவுக்கு சின்ன வயசுல ஸ்ட்ரெப்டோமைசின் போட்டிருக்காங்க, அப்பலேர்ந்தே அவருக்கு காது மந்தம். இப்பதான் எனக்கு உறைக்குது. நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்றேன்.