வடக்கு வேலியை இப்போதே மாற்றுவதா, தை வரை பொறுப்பதா?

மானூர் மருமகள்:
எங்கள் வீட்டின் வடக்கு வேலி 60 அடி. பாதி தூரத்துக்கு மாமனார் உயிர்வேலியாக ஊன்றிய கிளுவை மரங்கள் இன்னும் தழைத்து நிற்கின்றன. மீதி 30 அடிக்கு உடைமரக் கம்பு நட்டு முள்கம்பி இழுத்திருக்கிறோம். 2023 டிசம்பர் பெருமழையில் அந்தக் கம்புகள் சாய்ந்தன, நிமிர்த்திக் கட்டினோம். இந்த ஆடிக் காற்றில் மூன்று கம்புகள் மறுபடியும் படுத்துவிட்டன. அந்தச் சந்து வழியாக வெள்ளாடுகள் புகுந்து முருங்கையை மொட்டையடித்துவிட்டன. அம்மா வீட்டிலிருந்து போத்தாக, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளையாக, கொண்டுவந்து வைத்த முருங்கை அது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்தூண் நட்டுக் கம்பிவலை அடிக்க ஒருவர் வந்து பார்த்தார். ஆவணிக்குள் முடித்துவிடலாம், கிளுவையையும் வேரோடு எடுத்துவிட்டால் வேலி ஒரே சீராக இருக்கும் என்கிறார். எங்கள் மண் கரிசல். கணவர் வெளியூரில் இருக்கிறார். முடிவு என் தலையில். மழைக்கு முன் முடிப்பதா, பொறுப்பதா?

பேட்டை கொத்தனார்:
அக்கா, பொறுங்கள். கரிசல் இப்போது காய்ந்து வெடித்துக் கிடக்கும், கடப்பாரை இறங்காது. கூலியாள் ஒன்றரை அடியில் போதும் என்று நிறுத்திவிடுவார். ஐப்பசி மழையில் அந்த மண் உப்பி எழும்பும்போது, ஆழமில்லாத தூணையும் சேர்த்து அசைத்துவிடும். உங்கள் கம்புகள் சாய்ந்ததற்குக் காற்று மட்டும் காரணமாக இருக்காது.

தை பிறந்ததும் ஈரம் பதமாக இருக்கும். 7 அடித் தூண் வாங்கி 2 அடியை மண்ணுக்குள் விடுங்கள். குழியின் அடி அகலமாக இருக்கட்டும், சரளும் சிமென்ட்டும் போட்டு இடியுங்கள். 30 அடிக்கு ஐந்து தூண் போதும். இரு முனைத் தூண்களுக்கும் சாய்வாக முட்டுக் கொடுக்கும் கல் கட்டாயம் வேண்டும். வலையை இழுத்துக் கட்டும்போது அவைதான் முழு இழுவையையும் தாங்குகின்றன.

களக்காட்டு விவசாயி:
தங்கச்சி, கிளுவையில் கை வைக்க விடாதீர்கள். எங்கள் பக்கம் மலையிலிருந்து பன்றி இறங்குகிறது, அதற்குக் கிளுவை நிற்காது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது போதும். கோடையில் இலை உதிர்ந்து நிற்பதைப் பார்த்துப் பட்டுப்போனது என்று வெட்டியவர்கள் எத்தனையோ பேர்! தழைத்து நிற்கும் வேலியை வெட்டிவிட்டுக் காசு கொடுத்துக் கம்பி வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. சந்தில் இப்போதைக்கு முள் வெட்டி அடையுங்கள்.

ஓய்வுபெற்ற கிராம ஊழியர்:
கம்புகளை மண் மட்டத்தில் அரிவாள் நுனியால் குத்திப் பாருங்கள். கரையான் அங்கேதான் முதலில் தின்னும். ஒன்றிரண்டு மட்டும் உளுத்திருந்தால் அவற்றை மாற்றினால் போதும். பாதிக்கு மேல் போயிருந்தால்தான் புது வேலி. கல்தூண் நடுவதற்கு முன் நிலத்தை அளந்துவிடுங்கள். கம்பு வேலி ஓரடி தள்ளியிருந்தால் யாரும் பேசமாட்டார்கள், கல் ஊன்றிய அன்றைக்குப் பேசுவார்கள். அளக்கும்போது வடக்கு வீட்டுக்காரரும் உடன் நிற்கட்டும்.

மானூர் மருமகள்:
குத்திப் பார்த்தேன் அண்ணாச்சி. பதினொரு கம்புகளில் எட்டில் அரிவாள் நுனி மாவில் இறங்குவதுபோல் இறங்கியது. தையில் கல்தூண்தான். அதற்குள் அளவைக்கு விண்ணப்பித்துவிடுகிறேன். கிளுவை இருக்கும். அதைத் தொடமாட்டேன் என்றதும் மாமியார் எழுந்துபோய் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

களக்காட்டு அண்ணாச்சி, இந்த மழைக்கே தென்புறமும் 30 அடிக்குக் கிளுவை வைக்க ஆசை. எத்தனை போத்து வேண்டும்?

களக்காட்டு விவசாயி:
அரை அடிக்கு ஒன்று, 60 போத்து. பட்டுப்போவதற்கும் சேர்த்து 70 வெட்டுங்கள். புரட்டாசிக் கடைசியில் ஊன்றி, குறுக்கே மூங்கில் வைத்துப் பனைநாரால் கட்டிவிடுங்கள். துளிர் விடும்வரை ஆடு அண்டாமல் முள் போட்டு வையுங்கள்.