மே மாதம் மசாய் மாரா போனால் ஆற்றைக் கடக்கும் கூட்டம் தெரியுமா?

சிறுவாணி

வணக்கம். நாங்கள் கோவை. நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகன், ஐந்தாவது படிக்கும் மகள். ஆறு வருடமாகச் சேர்த்த பணத்தில் ஒரு முறை ஆப்பிரிக்கா போய்வர ஆசை. வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதை நேரில் பார்க்க வேண்டும், முதலையும் இருக்க வேண்டும் என்பது மகனின் கனவு. ஒரு பயண முகவர் மே முதல் வாரத்தில் கென்யாவின் மசாய் மாரா காட்டில் நான்கு நாள், "மைக்ரேஷன் நிச்சயம்" (அந்தக் கூட்டம் இடம்பெயர்வதைப் பார்க்கலாம்) என்று எழுதி விலை அனுப்பியிருக்கிறார். ஆகஸ்ட் விலையில் பாதிதான். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். முன்பணம் கட்டலாமா?

ஆற்றங்கரை

கட்டாதீர்கள். மே முதல் வாரத்தில் அந்தப் பெருங்கூட்டம் கென்யா பக்கமே வந்திருக்காது. எல்லைக்குத் தெற்கே, தான்சானியாவின் செரங்கெட்டிக்குள் நடந்துகொண்டிருக்கும். மாராவிலேயே ஆண்டு முழுக்கத் தங்கிவிடும் சிறு கூட்டங்கள் உண்டு. அவற்றைக் காட்டி "இதுதான் மைக்ரேஷன்" என்று சொல்லிவிடுவார்கள், உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆறு கடப்பது ஜூலை பிற்பாதியில் தொடங்கி அக்டோபர் வரை. நான் ஆகஸ்டில் போனேன். இரண்டு நாள் கரையில் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு முன்னால் நின்ற ஒரு வரிக்குதிரை தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி பின்வாங்கியது. இப்படி ஐந்தாறு முறை. பின்னால் புழுதி ஏறிக்கொண்டே வந்தது, நெருக்கியடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட்டுகள். திடீரென்று ஒன்று குதித்தது, அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி எல்லாம் இறங்கின. நாற்பது நிமிடம். அந்தக் கனைப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்கள் மகன் கேட்பது இதைத்தான். காசு சேர்த்து ஒரே முறை போகிறவர் இதற்கென்று போக வேண்டும். பாதி விலை என்பதற்காக, பார்க்கவே முடியாத ஒன்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

புல்வெளி

முகவர் விஷயத்தில் ஆற்றங்கரை சொல்வது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை.

மைக்ரேஷன் என்றாலே ஆறு கடப்பது என்று ஆகிவிட்டது. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் வில்டபீஸ்ட், கூடவே இரண்டு லட்சம் வரிக்குதிரை, கெசல் மான்கள், எல்லாம் ஆண்டு முழுக்க மழையையும் புல்லையும் தேடிச் சுற்றி வருகின்றன. ஆறு அந்தச் சுற்றில் குறுக்கே வரும் ஒரு தடை. வடக்கே ஏன் போகின்றன? தெற்குச் சமவெளியில் மழை நின்றதும் குட்டைகள் வற்றி உப்பேறிவிடும். வறட்சியிலும் ஓடும் தண்ணீர் மாராவில்தான் உண்டு. அவ்வளவு தூரம் போனதைவிட்டு ஏன் திரும்பி வருகின்றன? தெற்குச் சமவெளியின் மண் எரிமலைச் சாம்பல். அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு அது வேண்டும். அதனால்தான் குட்டி போடுவது அங்கே, பிப்ரவரியில், நிடூட்டுவைச் சுற்றி.

நான் இரண்டு முறை பிப்ரவரியில் போயிருக்கிறேன். எங்கள் வண்டிக்கு இருபதடி தூரத்தில் ஒரு குட்டி விழுந்தது. ஈரம் காயாத உடம்பு, மணல் நிறம், நாலு காலும் நாலு பக்கம் போகிறது. எழுந்தது, முகம் குப்புற விழுந்தது, மறுபடி எழுந்தது. பத்து நிமிடத்துக்குள் தாயின் விலாவை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கழுதைப்புலி உட்கார்ந்து எங்களைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தது. பெரும்பாலான குட்டிகள் மூன்று வார இடைவெளிக்குள் பிறந்துவிடுகின்றன. எத்தனை சிங்கம், சிவிங்கிப்புலி இருந்தாலும் அத்தனையையும் தின்று தீர்க்க முடியாது. அந்த இனம் பிழைக்கும் வழியே அதுதான். அதைப் பார்ப்பதுதான் மைக்ரேஷனைப் பார்ப்பது.

ஆற்றங்கரை

அக்கா, பிப்ரவரியில் எட்டாவது படிக்கும் பையனை எப்படி அனுப்புவது? அதைச் சொல்லவில்லையே.

அப்புறம் ஆறு "ஒரு தடை" என்பது குறைத்துப் பேசுவது. ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் மேல் வில்டபீஸ்ட்டுகள் மாரா ஆற்றில் மூழ்கிச் சாகின்றன என்று 2017-இல் வந்த ஆய்வு சொல்கிறது. முதலை தின்பது அதில் கொஞ்சம்தான். மீதியில் ஒரு பகுதியைப் பிணந்தின்னிக் கழுகும் மீனும் தின்கின்றன. எலும்புகள் ஆற்றடியில் கிடந்து ஏழு ஆண்டு வரை கரைந்து சத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கின்றன. அந்த ஆற்றுக்குச் சோறு போடுவதே இந்தக் கூட்டம்தான்.

புல்வெளி

அதை மறுக்கவில்லை. ஆனால் கரையில் நிற்கும் வண்டிகளைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம். நான் ஒரு செப்டம்பரில் செரங்கெட்டியின் வட கோடியில், கோகடெண்டேயில் நின்றேன். கூட்டம் இறங்கப் போகிறது என்று ஓட்டுநர்கள் வண்டி ரேடியோவில் சொன்னதும் அறுபது வண்டிக்கு மேல் விழுந்தடித்து வந்து கரையை அடைத்தன. முன்னால் நின்ற வில்டபீஸ்ட்டுகள் திரும்பிவிட்டன. பிறகு வேறு இடத்தில், செங்குத்தான சரிவில் இறங்கின. அங்கே கால் முறிந்து கிடந்த ஒன்றைப் பார்த்த பிறகு எனக்குக் கேமராவைத் தூக்க மனம் வரவில்லை.

பள்ளி விஷயம் உண்மை. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரம் போகலாம். பெரும்பாலும் கூட்டம் தெற்குச் சமவெளிக்கு வந்து சேர்ந்திருக்கும். குட்டிகள் மட்டும் இருக்காது.

ஆற்றங்கரை

வண்டி நெரிசல் உண்மைதான். எனக்கும் பிடிக்காது. மாரா டிரையாங்கிள் என்கிற மேற்குப் பகுதியில் கட்டுப்பாடு கொஞ்சம் கூடுதல், நான் இருந்தது அங்கே. ஆனால் சிலர் தப்பாக நடந்துகொள்கிறார்கள் என்பதற்காக அந்தக் காட்சியே வேண்டாம் என்றால் எப்படி?

சிறுவாணி, உங்களுக்குக் காலாண்டு விடுமுறை இருக்கிறதே. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். கூட்டம் அப்போது மாராவின் இரு கரையிலும் இருக்கும். மழைக்குத் தக்கபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடக்கும். மகனின் கனவுக்கு அதைவிடப் பொருத்தமான வாரம் கிடைக்காது.

கரிசல்காட்டான்

ஆறு வருடமாகத் தான்சானியாவின் அருஷாவில் வேலை. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இரண்டு பேருமே தங்களுக்குப் பிடித்த மாதத்தைச் சொல்கிறீர்கள். கேட்டவர் கையில் முழுசாக இருப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய. விடுமுறை நாட்களை முதலில் வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் கூட்டம் எங்கே இருக்கும் என்று பார்த்துப் போக வேண்டும். இடத்தை முடிவு செய்துவிட்டு நாளைத் தேடினால் முகவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

காலாண்டு விடுமுறை மொத்தமே ஒன்பது பத்து நாள். போக வர மூன்று நாள் போய்விடும். மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100. அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஆற்றங்கரை போல மூன்று நாள் காத்திருந்தும் ஒன்றும் இறங்காவிட்டால்? கூட்டம் எந்த நாள் கடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் காலை பத்தரை அவருக்குக் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைக்காது.

என் யோசனை மே 18-க்குப் பிறகு, செரங்கெட்டியின் நடுவும் மேற்கும். மசிக்கா என்கிற பெருமழை மார்ச்சில் தொடங்கி மே கடைசியில் ஓயும். அந்த நேரத்தில் கூட்டம் சமவெளியை விட்டு மோரு பாறைக் குன்றுகளைத் தாண்டி குருமெட்டி ஆற்றுப் பக்கம் போகும். சிதறி மேயாது, வரிசை கட்டி நடக்கும். போன வருடம் ஒரு வரிசை எங்கள் வண்டிக்கு முன்னால் பாதையைக் கடந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்தும் வரிசை முடியவில்லை. இணை சேரும் காலமும் அதுதான், ஆண் வில்டபீஸ்ட்டுகள் ஒன்றை ஒன்று துரத்தி முட்டிக்கொண்டிருக்கும். புல்வெளி அக்கா சொன்ன பிப்ரவரிக் குட்டிகள் அதற்குள் மூன்று மாதம் வளர்ந்து தாயோடு நடக்கும்.

புல்வெளி

கரிசல்காட்டான், மே மாத மழையை நீங்கள் ரொம்ப லேசாகச் சொல்கிறீர்கள். இரண்டு குழந்தைகளோடு சேற்றில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? பல முகாம்களும் ஏப்ரல், மேயில் மூடிவிடுகின்றனவே.

கரிசல்காட்டான்

சேறு உண்டு, மறைக்கவில்லை. அங்கே பல இடங்களில் இருப்பது நம் ஊர்க் கரிசல் மண்ணேதான். நனைந்தால் சக்கரத்தை அப்பம்போல ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் வெடிப்பு விடும். முதல் முறை மாட்டிக்கொண்டபோது என் ஓட்டுநர் இறங்கி மரக்கிளை வெட்டிப் போட்டார், எங்கள் ஊரில் மாட்டுவண்டிக்கு வேலமுள் வெட்டிப் போடுவார்கள், அதே வேலை. அரை மணியில் வெளியே வந்தோம். ஏப்ரலில் போகச் சொல்ல மாட்டேன். மே மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மழை பெரும்பாலும் மாலையில் ஒரு பாட்டம், காலையில் வெயில். நாலு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூசர்தான் வேண்டும், வேன் வேண்டாம். தங்குமிடம் மூடியிருக்குமா என்று பெயர் பெயராகக் கேட்டுக்கொள்ள வேண்டும். செரங்கெட்டியின் நடுவில் உள்ள செரோனேராவைச் சுற்றி நிரந்தர விடுதிகள் திறந்திருக்கும், விலையும் குறையும்.

இன்னொன்று. இந்தக் கூட்டம் எப்போதும் இவ்வளவு பெரிதாக இல்லை. 1890-களில் வந்த மாட்டு வெக்கை நோய் அழித்துப் போட்டது. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம்தான் இருந்தது. சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோய் அடங்கியதும் 1970-களின் கடைசியில் பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது. இதை உங்கள் மகனுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். முதலை இல்லாவிட்டாலும் அந்த வரிசையை அவன் வேறு மாதிரி பார்ப்பான்.

தென்திசை

ஏன் எல்லோரும் கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே நிற்கிறீர்கள்? விலங்கு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மே கடைசியில் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா அருமை. வறட்சி தொடங்கும், புதர் மெலியும், நல்ல தார்ச் சாலை, சொந்தமாக வண்டி ஓட்டலாம். ஜூன், ஜூலையில் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் வெள்ளம் ஏறும். மழை பெய்வது பல மாதம் முன்னால் அங்கோலா மலைகளில், தண்ணீர் வந்து சேர்வது இங்கே வறண்ட காலத்தில். ஆனால் செலவு அதிகம்.

ஆற்றங்கரை

குரூகர் நல்ல இடம், ஆனால் அவர் கேட்பது மைக்ரேஷன். சிறுவாணி, மே கடைசி யோசனையில் எனக்கு ஒரே ஆட்சேபம்தான். குருமெட்டி ஆறு சின்னது, பல இடத்தில் குட்டை குட்டையாகத்தான் இருக்கும். முதலை பெரிது, ஆனால் நான் பார்த்த மாதிரி கடப்பதை அங்கே எதிர்பார்க்க வேண்டாம் என்று மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய் ஏமாறக் கூடாது.

சிறுவாணி

எல்லோருக்கும் நன்றி. இரவு மகனோடு வரைபடத்தை விரித்து வைத்துப் பேசினேன். முகவரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மே 19 முதல் 28 வரை தான்சானியா என்று முடிவு. செரோனேராவில் நான்கு இரவு, மேற்கில் இரண்டு, திரும்பும்போது ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்கு ஒரு நாள். மகனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்புறம் "அந்த வரிசை ஒரு மணி நேரமா போச்சா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

திரும்பும் வழியில் இரண்டு நாள் மாராவையும் சேர்த்துக்கொள்ளலாமா? செரங்கெட்டியை ஒட்டித்தானே இருக்கிறது?

கரிசல்காட்டான்

வேண்டாம். விலங்குக்கு எல்லை இல்லை, நமக்கு உண்டு. பூங்காவுக்குள்ளிருந்து நேராக மாராவுக்குப் போகச் சுற்றுலா வண்டிகளுக்கு வழி கிடையாது. மேற்கே இசபேனியா சோதனைச் சாவடி வழியாகச் சுற்ற வேண்டும், ஒரு பகல் வீணாகும். அந்த இரண்டு நாளையும் மேற்கிலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தின் விளிம்பு 2,000 மீட்டருக்கு மேல். காலையில் ஊட்டிக் குளிர், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுங்கள். மேற்கில் செட்சே ஈ கடிக்கும். நீல நிறமும் கறுப்பும் அதை இழுக்கும், அந்த நிற உடை வேண்டாம். நைரோபி வழியாக வருவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முன்னதாகவே போட்டுவிடுங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் போங்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள்.

புல்வெளி

எனக்கு இன்னும் பிப்ரவரிதான். மகன் கல்லூரி போனதும் அவனையே அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: கூட்டம் பாதையையோ ஆற்றையோ கடக்கும்போது வண்டி தள்ளியே நிற்கட்டும், படம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை என்று. நீங்கள் சொல்லாவிட்டால், உங்களுக்காகத்தான் என்று நினைத்துக் கிட்டே கொண்டுபோவார்.

சிறுவாணி

சொல்லிவிடுகிறேன் அக்கா. மகனையே சொல்லச் சொல்கிறேன். ஸ்வாஹிலியில் "போலே போலே" என்றால் மெதுவாக என்று எங்கோ படித்துவிட்டு இப்போதே வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.