மறு: ‘ஸ்வாம்ப்டு பேரல்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம். ‘ஸ்வாம்ப்டு பேரல்’ (swamped barrel) என்ற துப்பாக்கிக் குழல் வகைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இங்கே வந்த பரிந்துரைகளுக்கு என் மறுமொழி இது.

> ‘சதுப்புக் குழல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, மூலச்சொல்லோடு ஒட்டி நிற்கும்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே ஸ்வாம்ப் என்பதற்கும் சேற்று நிலத்துக்கும் தொடர்பில்லை. பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மானியக் குடியேறிகள் செய்த நீண்ட ரைபிள்களில் இந்தக் குழலைக் காணலாம். வெளிப்புறம் எட்டுப் பட்டை. அடியில், அதாவது வெடிமருந்து எரியும் பின்முனையில், தடிப்பு; முன்னே போகப் போக மெலிவு; குண்டு வெளியேறும் வாயை நெருங்கும்போது மறுபடியும் சற்றே பருமன். உள்ளே துளை மட்டும் முழு நீளத்துக்கும் ஒரே அளவு. இந்தக் கடைசிச் செய்திதான் நம் சொல்லைத் தீர்மானிக்க வேண்டும்.

தாய்நாட்டின் குட்டையான வேட்டைத் துப்பாக்கியிலிருந்தே அவர்கள் இவ்வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் குழல் 40 அங்குலத்தைத் தாண்டி நீண்டபோது இதன் தேவை இன்னும் கூடியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 44 அங்குல நீளம், அரை அங்குலத் துளை, முழுவதும் 1 அங்குலப் பருமன் என்று கொண்டால், இரும்புக் குழல் மட்டுமே ஏறக்குறைய மூன்றரை கிலோ. அதைத் தோளில் வைத்து நீட்டினால் முன்பாரம் கையை இழுக்கும். பருமனை முக்கால் அங்குலமாகக் குறைத்த இடத்திலோ எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

அப்படிக் குறைக்கலாமா என்றால், குறைக்கலாம். வெடிமருந்து எரிந்தவுடன் அழுத்தம் உச்சத்துக்குப் போவது அடியில்தான். குண்டு முன்னே நகர நகர அது தணிந்துவிடும். ஆகவே அடியில் கால் அங்குலச் சுவர் வேண்டும், இடையில் அதில் பாதி போதும்.

பிறகு வாயில் ஏன் பருமன்? குறிபார்க்கும் முன்தகட்டைப் பொருத்தக் குழலின் மேற்பட்டையில் காடி (பள்ளம்) வெட்ட வேண்டும். அரைக்கால் அங்குலச் சுவரில் அந்த வெட்டு ஆபத்து. மேலும், வாய் ஒல்லியாக இருந்தால் தடித்த அடிப்பகுதிக்கு ஈடாகத் தகட்டை உயரமாக்க நேரும். காட்டில் அது எதிலாவது மாட்டி வளையும். வாயில் சிறிது எடை நிற்பதால் குறியும் அலையாது. கொல்லனின் இந்தக் கணக்கு எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. இரும்புப் பட்டையைக் கம்பியின்மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டி, துளையைக் கடைந்து, வெளியே எட்டுப் பட்டையையும் தீட்டி அராவி இந்த வளைவைக் கொண்டுவந்தான். குழலைத் தாங்கும் மரக்கட்டையிலும் அதே வளைவுக்குப் பள்ளம் செதுக்க வேண்டும்.

> ‘ஒடுங்குகுழல்’ எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் ஒடுங்குவது துளை என்றே வாசகர் எண்ணுவார். சிதறுகுண்டுத் துப்பாக்கிகளில் வாயருகே துளையே உண்மையில் ஒடுங்கும் அமைப்பு உண்டு. அச்சொல்லை அதற்கு ஒதுக்கிவைப்போம்.

‘துடியிடைக் குழல்’ என்று அக்கா பரிந்துரைத்தது அழகான சொல். எனக்கும் ஆசை வந்தது. ஆயினும் துடி என்னும் உடுக்கைக்கு இடை நட்ட நடுவில், இரு தலையும் ஒரே அளவு. இக்குழலிலோ இடை நடுவைத் தாண்டி வாய்ப்பக்கமாக இருக்கிறது, அடியும் வாயும் சமமல்ல.

என் பரிந்துரை: இடைமெலிகுழல். மெலிவது சுவர், துளையைப் பற்றி இச்சொல் எதுவும் சொல்லவில்லை. இடை என்றதுமே இருபுறமும் பருமன் உண்டு என்பது தானாக வந்துவிடுகிறது. ரைபிளுக்கு வழங்கும் சுரிகுழலைப் போல இதுவும் வினைத்தொகை, எனவே நடுவே ஒற்று மிகாது. அடியிலிருந்து வாய்வரை மெலிந்துகொண்டே போவதைக் கூம்புகுழல் எனலாம்.

19ஆம் நூற்றாண்டில் ஆலைக்குழல்கள் பரவியபோது, முழு நீளமும் ஒரே பருமனான வகையே பெருகியது. அதற்கு ‘நேர்குழல்’ என்றால் வளையாத குழல் என்று பொருள்படும். ‘ஒருபருமன் குழல்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், சற்று நீளம்தான். இதைவிடக் கச்சிதமான சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.