மரியாளின் முழங்காலருகே தலைகீழாக ஒரு முகம்

தாள்பூச்சி:
டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1641-இல் செய்த எட்சிங் (செப்புத் தகட்டில் கோடுகளை அரித்து அச்சிடும் படம்) ஒன்று: மேகத்தின் மேல் மரியாள், மடியில் குழந்தை. பெரிதாக்கிப் பார்த்தால் முழங்காலருகே துணி மடிப்புக்குள் ஒரு முகம், அதுவும் தலைகீழாக! திரையில் ஏதோ கறை என்று நினைத்துத் துடைத்துக்கூடப் பார்த்தேன். இதில் ஏதாவது மறைபொருள் உண்டா?

மைக்கறை:
மறைபொருள் எல்லாம் கிடையாது. முதலில் ஒரு முகத்தைத் தொடங்கியிருக்கிறார், அப்புறம் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி, புதிதாக வரைந்துவிட்டார்.

நானும் எட்சிங் செய்கிறவன், அதனால் சொல்கிறேன். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு போட்டு ஊசியால் கீறுவோம். செம்பு தெரிகிற இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு ஏறிவிடும். இதில் ஒரு கோட்டை அழிக்க வேண்டுமா? சுற்றியுள்ள செம்பையே சுரண்டி, தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். என் முதல் தகட்டில் ஒரு மூக்கைத் திருத்தப் போய்க் கன்னமே குழியாகிவிட்டது! அவர் அந்த வம்புக்கே போகவில்லை. பழைய முகத்தின் மேலேயே மடிப்புக் கோடுகளை ஓடவிட்டார். அது முழுசாக மறையவில்லை, அவ்வளவுதான்.

சாம்பல்கோடு:
இன்னொன்று. மேகத்தில் மரியாள் என்ற அமைப்பு இவருக்கு முன்பே இருக்கிறது. இத்தாலியின் உர்பினோவைச் சேர்ந்த ஓவியர் பரோச்சி, 1580-களின் தொடக்கத்தில் இதே பொருளில் ஒரு எட்சிங் செய்தார். ரெம்பிராண்ட் இருந்த ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபடத் தடை இருந்த காலம். வீடுகளுக்குள் மறைவாகக் கூடினார்கள். சிறிய தாள்படம் என்றால் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே.

எனக்கு ரெம்பிராண்டின் 1654 எட்சிங்தான் பிடிக்கும். மரியாள் தரையில் உட்கார்ந்து குழந்தையை அணைத்திருக்கிறாள். பூனை ஒன்று அவள் ஆடை ஓரத்தோடு விளையாடுகிறது, காலடியில் பாம்பு. யோசேப்பு வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். பின்னால் இருக்கும் ஜன்னல்தான் அவளுக்கு ஒளிவட்டம்!

தாள்பூச்சி:
நன்றி இருவருக்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். இப்போது மரியாள் தலைகீழ், அந்த முகம் நேர். மைக்கறை, அந்தக் கன்னம் குழிந்த தகட்டை ஒரு பிரதி எடுத்தீர்களா?

மைக்கறை:
மூன்று பிரதி எடுத்தேன். மூன்றிலும் குழி இருந்த இடம் கறுப்பாக, அம்மை போட்ட மாதிரி.